துரையின் ஜீப் பின்னால் போன நாள்

ஓடுகிற காரை ரிவர்ஸில் போட்டால் என்ன ஆகும் என்று புத்தியுள்ளவன் எவனும் யோசித்துக்கூடப் பார்ப்பதில்லை. நான் யோசிக்காமலே போட்டுப் பார்த்தவன். இந்த ஒரு விஷயத்தில் மாத்தளை மாவட்டத்தில் என்னைவிட அனுபவசாலி கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளை டவுனில் அப்பா விட்டுப்போன கடையில் உட்கார்ந்து மிளகும் கொக்கோவும் ஏலக்காயும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகாத இளவட்டம். சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய கார் ஒன்று என்னிடம் இருந்தது. கார் வந்த பிறகு என் நடையே மாறிவிட்டது என்று அம்மா சொல்வார். நடந்தால்தானே நடை மாறுவதற்கு? கூப்பிடு தூரத்தில் இருந்த தபால் கந்தோருக்கும் நான் காரில்தான் போனேன்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அதற்குள் காரைப் பின்பக்கமாக நுழைத்து நிறுத்துவது என் வழக்கம். ஒரு நாள் எதிரே பஸ்ஸுக்கு நல்ல கூட்டம் நின்றது. கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சந்து வாசலைத் தாண்டியதும், கார் முழுதாக நிற்பதற்கு முன்பே, ஒரு கையை ஜன்னலில் சாய்த்தபடி மறுகையால் கியரை ரிவர்ஸுக்கு இழுத்தேன். தகரப் பெட்டிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கியர் உள்ளே போக மறுத்தது. கூட்டம் பார்க்கிறதே என்று நான் விடாமல் அழுத்தினேன். கடைசியில் மடாரென்று விழுந்தது. கார் ஒரு துள்ளு துள்ளி, என் நெற்றி ஸ்டியரிங்கில் மோதி, என்ஜின் அணைந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று குடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் ஓடினார்.

பலாபத்வலையில் காரேஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக் பாஸ் கியர் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பல் வைத்தியரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"மாத்தையா, ஓடுற நேரம் ரிவர்ஸ் போட்டதா?"

"கொஞ்சமாத்தான் ஓடிச்சு பாஸ்."

"கொஞ்சமாத்தான் ஒடஞ்சிருக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நொறுங்கிய பற்கள். ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற பல் சக்கரத்தில், எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டிய சக்கரத்தைக் கொண்டுபோய்த் திணித்தால் வேறென்ன நடக்கும்? முன்னால் போகிற கியர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிவர்ஸ் மட்டும் இல்லை. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது அநேகமாக நின்றுபோன காலம் அது. மாற்றுவதற்குக் கொழும்பில்கூடக் கிடைக்காது என்றார் பாஸ்.

அன்று முதல் என் வாழ்க்கை முன்னால் மட்டுமே போனது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, வாழ்ந்து பார்த்தால் தெரியும். காரை நிறுத்துவதற்கு முன் எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்க வேண்டும். ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் பிரேக்கை விட்டதும் கார் தானாகப் பின்னால் உருளும். அதனால் மேடாகத் தேடித் தேடி நிறுத்தினேன். வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் மாரியம்மன் கோயில் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்பி வர வேண்டும். நான் தினமும் கோயிலைச் சுற்றுவதைப் பார்த்து ஊரில் எனக்குப் பக்திமான் என்ற பெயர் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. திருநீற்றைக் கொஞ்சம் அகலமாகவே பூசிக்கொண்டேன்.

ரிவர்ஸ் போன சங்கதியை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம். பெண் வீட்டாருக்கு எடுத்துக் காட்டும்படியாக என்னிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். முகத்தை நம்பிக் களத்தில் இறங்குகிற துணிச்சல் எனக்கு இல்லை.

அப்படித்தான் ஒரு தரகர் மூலமாக அந்தத் தோட்டத்துச் சம்பந்தம் வந்தது. உக்குவளையிலிருந்து மலை ஏறிப் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெண்ணின் அப்பா அங்கே பெரிய கிளாக்கர், தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசுக்கே தலைமை. பெண் தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். ஒரு சனிக்கிழமை அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏறுகிற பாதை, எனக்குப் பயமில்லை. கிளாக்கர் வீட்டு முற்றம் விசாலமாக இருந்தது. ஒரு வட்டம் அடித்து, இறக்கத்தைப் பார்த்தபடி கம்பீரமாக நிறுத்தினேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெண், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடவில்லை. நின்று என்னைப் பார்த்தாள்.

"நீங்களேதான் ஓட்டிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"இந்த வளைவுல எல்லாம் பயமா இல்லையா?"

"பயமா? எனக்கா?" என்றேன்.

அவள் சிரித்தாள். கேலியா, பாராட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதுவரை பார்த்த பெண்களை அம்மாவுக்காகப் பார்த்தேன். இவளை மட்டும் எனக்காகவே வேண்டும் என்று நினைத்தேன்.

கிளாக்கர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "வண்டி எப்படிங்க தம்பி, ஏதும் கரைச்சல் குடுக்குமா?"

"ஒரு குறையும் இல்லீங்க. புது வண்டி மாதிரி."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

புறப்பட்டோம். வழியனுப்புவதற்காகக் கிளாக்கர் குடையோடு காருக்குப் பின்னால் வளைவுவரை நடந்து வந்தார். வளைவைத் தாண்டி இறங்கும்போது எதிரே துரையின் ஜீப் ஏறி வந்தது. வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்திருந்த காலம். துரை மாறினாரே தவிர அந்தத் தொப்பி மாறவில்லை.

மலைப் பாதையில் ஒரு முறை உண்டு: இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். தோட்டத்துப் பாதையில் அதைவிடப் பெரிய முறை: ஏறினாலும் இறங்கினாலும் துரைக்கு வழி விட வேண்டும். ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டாலே, நடந்து போகிறவர்கள் கொழுந்துக் கூடையோடு பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். ஆக, இரண்டு முறைப்படியும் பின்னால் போக வேண்டியவன் நான்தான். ஒதுங்குவதற்கான இடமும் எனக்குப் பின்னாலேயே, கிளாக்கர் நின்ற வளைவில் இருந்தது. ஆனால் இறக்கத்தைப் பார்த்து நிற்கிற கார் எப்படித் தானாக மேலே உருளும்?

ஜீப்பும் நின்றது. காரும் நின்றது. துரை ஹாரன் அடித்தார்.

"ஏன்டா, பெரிய மனுசன் நிக்கிறாரு. பின்னால எடேன்" என்றார் அம்மா.

"சும்மா இருங்கம்மா."

இறங்கிப் போய் ரிவர்ஸ் இல்லை என்று துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கிளாக்கர் குடையை வீசிக்கொண்டு கூவியபடி ஓடி வருகிறார்: "தம்பி, தொரைங்க! பின்னால எடுங்க, பின்னால எடுங்க!" அவர் காதுபட அதை எப்படிச் சொல்வது? புது வண்டி மாதிரி என்று சொன்ன வாயில் ஈரம் இன்னும் காயவில்லை. பேருக்கு ஒரு முயற்சியாக ரிவர்ஸை இழுத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த பற்கள் கர்ரென்று உறுமின. துரையைப் பார்த்து உறுமினதாக அது மலை முழுக்கக் கேட்டிருக்கிறது. அதோடு விட்டதா? பிரேக்கை மிதித்திருந்த என் கால் வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கி நடுங்கிப் பிடி தளர, கார் கொஞ்சம் கொஞ்சமாகத் துரையின் ஜீப்பை நோக்கி நகர்ந்தது. நிற்கும், நகரும், மறுபடி நிற்கும்.

பாதைக்கு மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துரை என்னை முறைத்தார். பயத்தில் என் முகம் இறுகிப்போய், சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் துரை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ஜீப் மெதுவாக, வளைந்து வளைந்து, கீழே மதகடிவரை பின்னால் போய் ஒதுங்கி நின்றது. கடந்து போகும்போது மரியாதைக்குச் சலாம் வைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. ஊர்வலத்தில் போகிற மந்திரி சனங்களுக்குக் கைகாட்டுவது போல இருந்ததாக அம்மா பிறகு சொன்னார்.

அப்போது மலையிலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. ஒரு பெண் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாருக்குக் குலவை போடுகிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று கிளாக்கர் சொல்லிவிட்டாராம். "அந்த ஆள் யார்?" என்று துரை கேட்டதற்கு, வழி தவறி வந்த யாரோ போலிருக்கிறது என்று பதில் சொல்லித் தப்பித்தாராம். துரையைப் பின்னால் போக வைத்தவனுக்குப் பெண் கொடுத்துவிட்டு அவர் எந்த வீட்டில் குடியிருப்பார்?

அடுத்த வாரம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நாலு பேரோடு கடைக்கே வந்தார். வெற்றிலை நீட்டினார். "நீங்க தனியாளா நின்னு செஞ்சத நாங்க சங்கமா நின்னும் செஞ்சதில்லீங்க" என்றார். ஒரு கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும் என்றும் கேட்டார். நான் மறுத்தேனா? இல்லை. தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உக்குவளைத் தேத்தண்ணிக் கடை முஸ்லிம் நானா என்னைக் கண்டதும் எழுந்து பெஞ்சைத் துடைத்தார். சலூனில் என் மீசையை வேறு தினுசாக வெட்டச் சொன்னேன். நானும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதையை நம்பத் தொடங்கியிருந்தேன். ஒருவேளை பின்னால் போக எனக்கே மனமில்லையோ, காருக்கும் அது தெரிந்துவிட்டதோ என்றெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்தது உண்டு.

ஆனால் மீசையைப் பார்க்க அவள் இல்லையே. அவள் சிரித்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் ஏலக்காய்க்குப் பதில் மிளகை நிறுத்துக் கொடுத்தேன். வீரனாக இருந்து என்ன புண்ணியம் என்று ஒரு நாள் பஸ் பிடித்து உக்குவளையில் இறங்கி, மலை ஏறி, கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். அவள் பாடசாலைக்குப் போயிருந்தாள். கிளாக்கர் என்னைக் கண்டதும் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். உண்மையைச் சொன்னேன்.

"அப்ப, வேணும்னு செய்யலியா?"

"இல்லீங்க. ரிவர்ஸ் இல்லாததாலதாங்க."

"எங்கிட்ட ஏன் புது வண்டி மாதிரின்னு சொன்னீங்க?"

"தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு நிம்மதி வந்தது. "தம்பி, மருமகன் மடையனா இருந்தா நான் சமாளிச்சுக்குவேன். வீரனா இருந்தாத்தான் என் வேல போயிரும்" என்றார். பிறகு வழியும் அவரே சொன்னார். "நாளைக்குக் காலையில பெரட்டுக் களத்துக்கு வாங்க. தொரைகிட்ட நீங்களே சொல்லிருங்க. அவர் சிரிச்சிட்டாருன்னா கல்யாணத்துக்கு நாள் பார்த்துரலாம்."

பெரட்டுக் களம் என்பது தொழிலாளர் எல்லாரும் காலையில் கூடி, அன்றைய வேலையைக் கேட்டுப் பிரிந்து போகிற இடம். நான் வருவதைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழி விட்டது. தலைவர் கும்பிட்டார். ஏதோ நியாயம் கேட்கத் துரையைத் தேடி வந்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். கூடையை முதுகில் மாட்டியிருந்த ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் புள்ளையில இருந்து அந்தக் கானுக்குள்ள எறங்கித்தான் நிக்கிறோம் சாமி. அன்னைக்கு மனசு குளுந்து போச்சு."

அந்த இடத்திலேயே திரும்பி இறங்கியிருக்கலாம். நான் அவள் சிரிப்பை நினைத்துக்கொண்டு முன்னால் போனேன்.

கிளாக்கர் துரையின் காதில் ஏதோ சொன்னார். துரை தொப்பியைச் சற்று மேலே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மேன், அன்னைக்கு ஏன் பின்னால போகல?"

"சார், என் கார்ல ரிவர்ஸ் இல்ல சார்."

"இல்லயா? எங்க போச்சு?"

"ஓடுற நேரம் போட்டுட்டேன் சார். பல்லு ஒடஞ்சிருச்சு."

துரை சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார். "சத்தமாச் சொல்லு மேன். அவங்களுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன். துரை சிரித்தார், கிளாக்கர் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளாக்கர் சொன்ன சொல் தவறவில்லை. நாள் குறிக்க வரச் சொல்லி அந்த வாரமே ஆள் அனுப்பினார். ஒளிக்க இனி ஒன்றும் இல்லையே என்று காரிலேயே போனேன். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை, முதலில் அவளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பாடசாலையைத் தாண்டும்போது அவளே விறாந்தையில் நின்று கையைக் காட்டினாள். பூரித்துப்போய், முன்னே பின்னே யோசிக்காமல், வாசல்படிவரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வேணாம்னு அப்பாகிட்ட காலையிலதான் சொன்னேன்" என்றாள். "அவரு கோவமா இருக்காரு. காரணத்த நானே உங்ககிட்ட சொல்லிர்றதுதான் முறைன்னு கூப்பிட்டேன்."

"பொய் சொன்னதுக்கா?"

"கார் பொய்யா? அதுக்கெல்லாம் யாராவது கோவிப்பாங்களா?" அவள் முற்றத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு அப்புறம் இந்தப் புள்ளைங்க தெனம் ஒரு வெளையாட்டு வெளையாடுச்சுங்க. ஒரு புள்ள ஜீப்பு. ஒரு புள்ள உங்க காரு. ஜீப்பு பின்பக்கமாவே நடந்து போகணும். காரா இருக்க அவ்வளவு சண்டை. ஜீப்பா இருக்க ஒரு புள்ளயும் சம்மதிக்காது, சீட்டுப் போட்டுத்தான் புடிக்கணும். பெரட்டுல நீங்க பேசினதோட நின்னு போச்சு."

"நான் உண்மையத்தானே சொன்னேன்?"

"உண்மையச் சொல்லுங்க, வேணாங்கல. அப்பாகிட்ட சொன்னீங்க, சரி. என்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். தொரைகிட்ட ஏன் சொன்னீங்க?"

உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை என்னை நானே கேலி செய்திருக்கிறேன், அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் இன்றுவரை கேலி செய்ய முடியவில்லை.

வந்து காரில் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன், முன்னால் பாடசாலைப் படி, இரண்டு பக்கமும் சுவர். நிலமும் எனக்குச் சாதகமாகச் சரியவில்லை. என்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக விளையாட்டை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி ஜன்னல் விளிம்பைப் பிடித்து எம்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, பின்னால தள்ளி விடணுமா?"

கேலி ஒன்றும் இல்லை அந்தக் குரலில். கால் ஊனமானவரைப் பாதை கடக்க வைக்கிற இரக்கம்தான் இருந்தது.

"ஆமா" என்றேன். "தள்ளுங்க."

பாடசாலையே சேர்ந்து தள்ளியது. டீச்சர் விறாந்தையில் நின்று, யார் காலிலும் சக்கரம் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.